சீரத்தில் போட்டுட்டு வாங்க, பார்க்கலாம்

உடலுக்குள் அனுப்பிப் பார்க்க நாங்கள் செய்யும் சிலிக்கா (மணலின் அடிப்படைப் பொருள்) நானோதுகள் தயாரிப்பது பெரிய வித்தையில்லை. 1968-இல் ஸ்டோபர் குழுவினர் சொன்ன முறைதான் இன்றும் பரவலாக இருக்கிறது. எத்தனால், தண்ணீர், அம்மோனியா, டிஇஓஎஸ் என்னும் சிலிக்கான் சேர்மம். கலக்கிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்த கரைசல் மெல்லப் பால் நிறமாகும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரே அளவில் உருண்டை உருண்டையாகத் தெரியும். காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், புதிதாகச் சேரும் மாணவர்கள் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நல்லாருக்கு. சீரத்தில் போட்டுட்டு வாங்க, பார்க்கலாம்" என்பேன். சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் பிரியும், புரதம் நிறைந்த தெளிநீர். கேட்டதும் அவர்கள் முகம் சுருங்கிவிடும்.

சிலிக்காவின் மேற்பரப்பில் சிலனால் (சிலிக்கானோடு சேர்ந்த OH) தொகுதிகள் நிறைந்திருக்கும். ரத்தத்தின் பிஎச் 7.4. அந்த அளவில் துகள் எதிர்மின்சுமையோடு இருக்கும். சீரத்தில் ஊறவைத்துக் கழுவிவிட்டு, மேற்பரப்பு மின்சுமையைக் காட்டும் ஸீட்டா மின்னழுத்தம் பார்த்தால் அந்த எதிர்மின்சுமை பெரும்பாலும் மங்கியிருக்கும், விட்டமும் கூடியிருக்கும். புரதங்கள் வந்து போர்த்திக்கொண்டுவிட்டன. இந்த உறையைப் புரதக் கொரோனா என்கிறார்கள். 2007-இல் டாசன், லின்சே குழுவினர் வைத்த பெயர். உடலின் செல்கள் சந்திப்பது நாம் செய்த துகளை அல்ல, இந்த உறையைத்தான்.

நான் குடியிருக்கும் வீட்டு ஆச்சி ஒருநாள் கேட்டார்: "ஏந் தம்பி, மணலப் போயி மனுச ரத்தத்துல விடப் போறீகளாக்கும்?" நியாயமான பயம். கல்லுடைக்கிறவர்களின் நுரையீரலை அரிப்பது படிக வடிவச் சிலிக்காத் தூசி. நாங்கள் செய்வது படிகமில்லாதது, ஆச்சி என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அவர் வீட்டுச் சுவரோ முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. நாங்கள் சோதனைக்காகப் புட்டியில் காசு கொடுத்து வாங்கும் லைசோசைம் என்ற நொதிப்புரதமும் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுப்பதுதான்.

அந்த லைசோசைம் 7.4 பிஎச்சில் நேர்மின்சுமை கொண்டது. சிலிக்காவைக் கண்டால் உடனே தாவி ஒட்டும். ஆல்புமினோ துகளைப் போலவே எதிர்மின்சுமை கொண்டது. அதுவும் ஒட்டத்தான் செய்கிறது. மின்சுமையை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. சீரத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம் ஆல்புமின் இருப்பதால் முதலில் வந்து இடம்பிடிப்பது பல நேரம் அதுதான். அப்புறம் எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் பிடிப்பு அதிகமான புரதங்கள் வந்து அதைத் தள்ளிவிடும். பேருந்தில் துண்டு போட்டு இடம்பிடித்தவரை எழுப்பிவிடுகிற கதை. 1960-களிலேயே ரத்த ஆய்வாளர் லியோ விரோமன் கண்ணாடிப் பரப்பில் இதைக் கவனித்துவிட்டார்.

துகளின் அளவும் முக்கியம். சில நானோமீட்டர் துகளில் ஒட்டும் லைசோசைம் தன் வடிவத்தை ஓரளவு காப்பாற்றிக்கொள்கிறது. 100 நானோமீட்டர் துகளில் பரப்பு தட்டையாகிவிடுவதால் அதிகம் குலைகிறது, நொதிவேலையும் குறைகிறது.

எனக்கு எரிச்சல் தருவது கழுவும் கட்டம். மையவிலக்கியில் சுற்றி, கழுவி, மறுபடி சுற்றினால் இறுகப் பிடித்த புரதங்கள் மட்டுமே மிஞ்சும். தளர்வாக நின்றவை கழுவுநீரோடு போய்விடும். எத்தனை முறை கழுவினோம், எந்த வேகத்தில் சுற்றினோம் என்பதைப் பொறுத்துப் ஒட்டிய புரதங்களின் பட்டியலே மாறும். ஆனால் பல கட்டுரைகளில் அந்த விவரம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் ஏசி நின்றுபோனால் மேசையே 37 டிகிரி, இன்குபேட்டர் எதற்கு என்று கேலி செய்வோம். ஆனால் வெப்பநிலையும் உறையை மாற்றும் என்பதால் அந்த நாள் தரவைத் தனியாகத்தான் குறித்து வைப்போம்.

செல் வளர்ப்பில் பொதுவாக 10 சதவீதச் சீரம் போடுகிறோம். ரத்தத்திலோ பாதிக்கு மேல் பிளாஸ்மா என்னும் திரவப் பகுதி. இரண்டிலும் ஒரே உறை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. சீரமே இல்லாமல் போட்டால் வெற்றுத் துகள் செல் சவ்வில் அதிகமாக ஒட்டிச் சேதம் செய்யும். 2013-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் கசப்பானது. புற்றுச் செல்லைத் தேடிப் போகட்டும் என்று சிலிக்காத் துகளின் மேல் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைக் கட்டி அனுப்பினார்கள். சீரத்துக்குள் போனதும் புரதங்கள் அதை மூடிவிட்டன, தேடும் திறனே போய்விட்டது.

பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் பூசினால் ஒட்டுவது குறையும், ஆனால் முழுசாக நிற்காது. 2011-இல் அமெரிக்காவில் மனிதச் சோதனைக்கு அனுமதி பெற்ற கார்னெல் டாட்ஸ் என்ற சிலிக்காத் துகள்களிலும் அந்தப் பூச்சு உண்டு. அவை சிறுநீரகம் வழியே வெளியேறும் அளவுக்குச் சிறியவை என்பதும் அவற்றுக்குக் கைகொடுத்தது. பூச்சைக் கெட்டியாக்கியே தீர்வு காணலாம் என்று எங்கள் ஆய்வகத்தில் பாதிப்பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எந்தப் புரதம் வந்து ஒட்ட வேண்டும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்து, அதை முதலிலேயே போர்த்தி அனுப்பிப் பார்க்கலாம் என்பது என் கட்சி. இப்போது அதற்கான மாதிரிகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.