ரெவிட் பிளானில் சுவரைச் சிவப்பாக்கப் பட்ட பாடு

புதன்கிழமை மதியம் வந்த வேலை சின்னதுதான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீடு, உள்ளே மாற்றியமைக்கிறார்கள். கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் ரெவிட் மென்பொருளில் மாடல் முடிந்துவிட்டது. இரண்டு தளத்தின் பிளானிலும் நிறம் மட்டும் பாக்கி: இருக்கிற சுவர் சாம்பல், புதுச் சுவர் சிவப்பு, இடிக்கிற சுவர் நீலப் புள்ளிக்கோடு. வெள்ளி காலை 10 மணிக்குக் கூட்டம். அரை மணி நேரத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுந்தபோது வியாழன் இரவு பதினொன்றரை.

லிட்டில் இந்தியா 1989இலேயே மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே எந்தச் சுவர் நிற்கிறது, எது போகிறது என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. பிளானைத் தப்பாகப் படித்து ஒருவர் சுத்தியலைத் தூக்கினால், நூறு வருஷச் செங்கல் திரும்பி வராது. அதனால்தான் இந்த நிற விஷயத்தை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் அடி வியூ டெம்ப்ளேட்டில், அதாவது பல வியூக்களுக்கு (வரைபடக் காட்சிகளுக்கு) பொதுவாக வைக்கும் அமைப்பில். விவி என்று விசைப்பலகையில் தட்டி, ஒரு வியூவில் எது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் விசிபிலிட்டி கிராஃபிக்ஸைத் திறந்தால் எல்லாக் கட்டமும் மங்கிக் கிடந்தது, எதையும் மாற்ற முடியவில்லை. அந்த வியூ ஒரு டெம்ப்ளேட்டின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அவசரத்தில் டெம்ப்ளேட்டையே திறந்து மாற்றினேன். அதே டெம்ப்ளேட்டில் இருந்த மற்ற பிளான்கள் எல்லாம் சேர்ந்து மாறிவிட்டன. சக ஊழியர் ஒருவர் எழுந்து வந்து, “என் ஃபர்னிச்சர் லேஅவுட்ல சுவரெல்லாம் ஏன் கலர் கலரா இருக்கு?” என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. தயவுசெய்து டெம்ப்ளேட்டை முதலில் நகலெடுங்கள், புதுப் பெயர் வையுங்கள், அப்புறம் கை வையுங்கள். சும்மா சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் டெம்பரரி வியூ ப்ராப்பர்ட்டீஸ் போதும்.

நகலெடுத்தாயிற்று. சுவர் வரிசையில் புரொஜெக்‌ஷன் (வெட்டாமல் தெரியும் பரப்பு) பக்கம் நிறம் கொடுத்தேன். அசையவில்லை. பிளானில் நாம் பார்ப்பது கிடையாக வெட்டப்பட்ட சுவர், வெட்டுத் தளம் பொதுவாகத் தரையிலிருந்து 1200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஆகவே நிறம் கட் பக்கத்து பேட்டர்னில் போக வேண்டும், அதுவும் சாலிட் ஃபில்லாக. இது தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஆனால் கட் பக்கம் மாற்றிய பிறகும் பழைய சுவர்கள் நான் கேட்ட சாம்பலுக்கு வரவே இல்லை. ஏதோ மெல்லிய கோடாகவே நின்றன. மெட்டீரியலை மாற்றினேன். ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸை மாற்றினேன். டீட்டெயில் லெவலை கோர்ஸ், ஃபைன் என்று இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் போனது.

கடைசியில் முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவரை அழைத்தேன். முழுக்கதையையும் கேட்கக்கூட இல்லை.

“ஃபேஸ் ஃபில்டர் என்ன வச்சிருக்கே?”

“ஷோ ஆல், அக்கா.”

“அதுல எக்ஸிஸ்டிங் ஓவர்ரிடன்னு இருக்கும் பாரு. அப்படி இருந்தா நீ விவியில எது போட்டாலும் கேக்காது.”

அப்படியே இருந்தது. ஒரு சுவர் இருப்பதா, இடிப்பதா, புதிதா என்று ரெவிட் குறித்து வைப்பது ஃபேஸ்; அவற்றை ஒரு வியூவில் எப்படிக் காட்டுவது என்று சொல்வது ஃபேஸ் ஃபில்டர். அதில் ஓவர்ரிடன் என்றால் ஃபேஸ் நிறம், பை கேட்டகரி என்றால் வழக்கமான நிறம். ஃபேஸ் வழியாக வரும் நிறம், விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் கேட்டகரிக்கு (சுவர், கதவு போன்ற வகைக்கு) கொடுக்கும் நிறத்தை அமுக்கிவிடும். நான் கீழ்த் தட்டில் உட்கார்ந்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன், மேல் தட்டு அதை மூடிக்கொண்டே இருந்தது. சரியான வழி ஃபேசிங் பெட்டியின் கிராஃபிக் ஓவர்ரைட்ஸ் தாவலிலேயே எக்ஸிஸ்டிங், டிமாலிஷ்டு, நியூ மூன்றுக்கும் நிறம் வைப்பதுதான். ஒரு எச்சரிக்கை: அந்த நிறங்கள் ஒரு வியூவுக்கு மட்டுமல்ல, புராஜெக்ட் முழுவதற்கும் பொது. அதனால் இந்த பிளான்களுக்கென்று தனியாக ஒரு ஃபேஸ் ஃபில்டர் உண்டாக்கி, அதில் மட்டும் மூன்றையும் ஓவர்ரிடன் என்று வைத்தேன். மற்ற வியூக்களின் ஃபில்டரில் நியூ பை கேட்டகரி என்றே இருக்கிறது, அங்கே சிவப்பு எட்டிப் பார்க்கவில்லை.

சுவர்கள் சிவந்தன. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆனால் இரண்டு இடம் அடம்பிடித்தன.

பின்முற்றத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு புதுத் தடுப்புச் சுவர். வெட்டுத் தளத்தைத் தாண்டி நிற்கிறது, ஆனாலும் வெள்ளையாகவே இருந்தது. 6 அடிக்கு, அதாவது கிட்டத்தட்ட 2 மீட்டருக்குக் குறைவான சுவரை வெட்டுத் தளம் தொட்டாலும் ரெவிட் பிளானில் வெட்டிக் காட்டாது, மேலிருந்து பார்ப்பதாகவே காட்டும். அதற்கு ஃபேஸ் நிறத்தில் சர்ஃபேஸ் பேட்டர்னையும் சிவப்பாக்க வேண்டியிருந்தது.

படிக்கட்டுப் பக்கம் மூன்று சுவர்கள் பச்சையாக நின்றன. இதற்கு முன் இந்த மாடலைத் தொட்ட யாரோ ஒருவர் ஒவ்வொரு சுவராகத் தேர்ந்தெடுத்து பை எலிமெண்ட் ஓவர்ரைடு போட்டிருக்கிறார். இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். அந்த நிறம் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்துகொள்ளும், எங்கெங்கே போட்டிருக்கிறது என்று பட்டியலும் கிடைக்காது. வியூவில் தெரிகிற சுவர்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, அதே பெட்டியைத் திறந்து ரீசெட் அழுத்தினேன். அடுத்தவர் கையில் போகும் மாடலில் இப்படிச் செய்யாதீர்கள்.

வியாழன் மாலை பிடிஎஃப் எடுத்துக்கொண்டு காக்கி புக்கிட்டில் ரயிலேறி, பென்கூலனில் இறங்கி, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் இருக்கும் அச்சுக்கடைக்கு நடந்தேன். ஏ1 தாள் உருளையிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. சிவப்பு நிரப்பு அழகாக இருந்தது. நீலப் புள்ளிக்கோடுகள் மட்டும் கருப்பு. மேலே போகும் உத்தரத்துக்கும் அதே கருப்புப் புள்ளிக்கோடுதான். தாளில் எது உத்தரம், எது இடிக்கிற சுவர் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

பிரிண்ட் செட்டப்பில் கலர்ஸ் என்ற இடத்தில் பிளாக் லைன்ஸ் என்று இருந்திருக்கிறது. அது கோடுகளையெல்லாம் கருப்பாக்கும், சாலிட் நிரப்பை விட்டுவிடும். திரையில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. பிடிஎஃபையே பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்தப் பயணமும் பணமும் மிச்சம். திரும்ப அலுவலகம், கலர் என்று மாற்றி மறுபடி பிடிஎஃப், இந்த முறை ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேரமாகிவிட்டதால் அலுவலகப் பிரிண்டரிலேயே ஏ3இல் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கட்டுமானக் குத்தகைக்காரர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்முற்றத்திலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே, “இது புதுசு, இது நிக்குது, இது போகுது” என்று அவரே படித்துக்கொண்டு போனார். என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை.