மேலே ஆல்டா, கீழே நான்

ஜனவரி 8, புதன்
மலைமேல் ஆல்டாவிலிருந்து, அதுதான் யூட்டாவின் பனிச்சறுக்கு ஊர், சின்னவன் போன் பண்ணினான். அவன் மாத்திரை இன்னும் ஒன்பது நாளுக்குத்தான் இருக்கிறதாம். "நீ வராதம்மா, பனியா இருக்கு, நானே பஸ் பிடிச்சு இறங்கி வரேன்" என்கிறான். இந்த மாதம் அவனுக்கு லீவு ஏது?

ஜனவரி 9
டயர் பட்டன் தேய்ந்திருப்பது தெரியும், இவ்வளவு என்று தெரியாது. கடைக்காரர் அளந்து காட்டினார். ஓர் அங்குலத்தை 32 பங்காக்கினால் அதில் 3 பங்குதான் மிச்சம். ஆல்டாவுக்கு ஏறுகிற லிட்டில் காட்டன்வுட் சாலையில் பனிக்காகக் கட்டுப்பாடு போடும் நாளில் 5 பங்காவது வேண்டும். எங்களுடையது முன்சக்கர வண்டி வேறு. மலைப்படத்துக்குள் பனித்துகள் பொறித்த டயர் இருக்கணும், இல்லையென்றால் சங்கிலி. நாலையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இவர் பில்லைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 10
ஏழு நாள்.

ஜனவரி 11, சனி
தூக்கமில்லை. வண்டி வழுக்கும் என்ற பயம் போய்விட்டது. இப்போது பயமெல்லாம் நிற்பதைப் பற்றி. அடிவாரத்திலிருந்து ஆல்டாவுக்கு 8 மைல் சொச்சம்தான், ஆனால் பனிச்சரிவு இறங்கும் தடங்கள் 64. மாலை பனிச்சறுக்கு லிஃப்ட் நின்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஒரு கார் குறுக்கே திரும்பிக்கொண்டால் போதும், பின்னால் வருகிற அத்தனை பேரும் எந்தச் சரிவுக்கு நேர் கீழே நிற்கிறார்களோ. விடிகாலையில் போகலாமென்றால், புயல் அடித்த மறுநாள் அப்போதுதான் சாலையை மூடி, வெடி வைத்துப் பனியை இறக்குகிறார்கள். ஆகவே வார நாள். பத்து மணிக்கு மேல் ஏறி, ஒரு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அவனைப் பார்க்க அரை மணி கிடைக்கும். சாப்பிடுகிறானா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பஸ்ஸுக்கும் அதே சாலைதான். ஆனால் அதை ஓட்டுகிறவர் தினமும் ஓட்டுகிறவர்.

ஜனவரி 12
மண்வாரி, இரண்டு போர்வை, டார்ச், தண்ணீர், வறுகடலை. டாங்க் நிரப்பியாச்சு. எங்காவது மாட்டிக்கொண்டால் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளணும், மூடினால் புகை உள்ளே வரும் என்றார் இவர். ராத்திரி மறுபடி அதையே சொன்னார்.

ஜனவரி 13
பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்று. நேற்று இரண்டு. அது சாலைக்கு இல்லை, மலைக்குள் தனியாகப் போகிறவர்களுக்கு என்கிறார் இவர். எனக்கு எல்லாம் ஒரே மலைதான். இன்றே போயிருக்கணும்.

ஜனவரி 14
பொங்கல் வைத்தேன். அவனுக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்தாயிற்று. ஜன்னலில் மலை தெரியவில்லை.

ஜனவரி 15
சாலையை மூடிவிட்டார்கள். மேலே இன்டர்லாட்ஜ். கட்டடத்தை விட்டு ஒருவரும் வெளியே கால் வைக்கக் கூடாது. 2021 பிப்ரவரியில் இது 60 மணி நேரம் நீடித்தது. அறுபது மணி என்றால் இரண்டரை நாள். மாத்திரை இரண்டு நாளுக்கு. மூன்று தடவை கணக்குப் போட்டுவிட்டேன், மாறவில்லை.

"பாதி பாதியாப் போட்டுக்கறேம்மா" என்றான். கூடவே கூடாது என்று கத்திவிட்டேன். அந்த நவம்பர் எனக்கு மறுபடி வேண்டாம்.

ஜனவரி 16
காலை 6:10. திறக்கவில்லை.

9:40. இல்லை.

11:15. திறந்துவிட்டார்கள், கட்டுப்பாட்டோடு. ஒரு மணிக்குள் இறங்குவது நடக்காது. பஸ்தான். மாத்திரை பாதி இவர் பையில், பாதி என் பையில். டப்பாவை மடியில் வைத்துக்கொள்வேன்.