வெயிலில் பயிற்சி: முதல் இரண்டு வாரம் கவனம்

கோடையில் ஓடவோ விளையாடவோ இறங்குகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைத்தான் பெரிதாக நம்புகிறார்கள். அதைவிட முக்கியம், உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கிறதா என்பது. பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதோடு போகும் உப்பும் குறையும். ஆகவே முதல் நாள் 15, 20 நிமிடம் மிதமாகச் செய்தால் போதும். பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். ஓரிரு வாரம் விட்டுப்போனால் மறுபடி குறைத்தே தொடங்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் இறங்கவே வேண்டாம்.

வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். அதனால் புழுக்கமான நாளில் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் வேகத்தைக் குறையுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எடை மெஷினே நல்ல வழிகாட்டி. பயிற்சிக்கு முன்னும் பின்னும், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் பற்றாக்குறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இழப்பு 1.2 கிலோவைத் தாண்டக் கூடாது, அதாவது 2 சதவீதம். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி தலைவலி, வாந்தி, வலிப்புவரை போகலாம். இதைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை.

தசை பிடித்துக்கொண்டால் நிறுத்திவிட்டு, அந்தத் தசையை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள்.

ஹீட் ஸ்ட்ரோக் வேறு விஷயம். தோல் உலர்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று காத்திருக்காதீர்கள். பயிற்சியின்போது வருவதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். ஆள் உளறுகிறாரா, தள்ளாடுகிறாரா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா என்று பாருங்கள். உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆனால் அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். குளிர்ந்த நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமர்த்தி, தலை மூழ்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு, சூடேறச் சூடேற மாற்றிக்கொண்டே விசிறுங்கள். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கியாக வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமாலும் வேண்டாம், இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை, மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.