கூரைக்கு ஒரு ஓட்டு

ரங்கூன் ஓரத்து டகோன் செய்க்கானில் கணக்கெடுக்கப் போன முதல் நாளே தப்புப் பண்ணிவிட்டேன். பெண்கள் சேமிப்புக் குழுக்களுக்கு வீட்டுக்கடன் ஏற்பாடு செய்யும் சின்ன அமைப்பு ஒன்றில் அப்போது வேலை. ஒரு சந்தில் எத்தனை குடும்பம் என்று எழுதி வரவேண்டும். படிவத்தில் முதல் கட்டம் 'குடும்பத் தலைவர் பெயர்'. நானும் வாசல் வாசலாக நின்று அதையே கேட்டு எழுதினேன். சாயங்காலம் கூட்டினால் இருபத்திமூன்று.

குழுவை நடத்திய அக்கா தமிழ்க்காரர். தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இந்த மூணாவது வீட்டுக்குள்ள நாலு அடுப்பு எரியுது. வாசல எண்ணாத, அடுப்ப எண்ணு."

மறுநாள் அடுப்பை எண்ணினேன். ஐம்பத்தொன்று.

அந்த மூன்றாவது வீடு இன்னும் கண்ணில் நிற்கிறது. சேற்றுத் தண்ணீருக்கு மேல் பலகை போட்டு நடந்துபோக வேண்டும். நிப்பா ஓலைக் கூரை, உள்ளே மூங்கில் தட்டியால் நான்கு தடுப்பு. இந்தப் பக்கம் மீன் வறுத்தால் அந்தப் பக்கம் குழந்தை தும்மும். நால்வரும் தனித்தனியாக வாடகை கொடுப்பவர்கள். கரண்ட், ரோட்டோரத்து வீட்டு மீட்டரிலிருந்து ஒரு கம்பியில் வந்தது. அரசு விலையைவிட யூனிட்டுக்கு நிறையவே கூடுதலாக அந்த வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள்.

ஏன் இங்கே வந்து கிடக்கிறார்கள் என்று எங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். ரங்கூனில் வாடகையை மாதாமாதம் கொடுக்கிற வழக்கம் குறைவு. ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாக முன்னாலேயே வைக்கவேண்டும், தரகர் காசு தனி. கூலிக்காரர் கையில் அவ்வளவு ஏது? 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எல்லாம் போன ஐராவதி டெல்டாக்காரர்களும் இப்படித்தான் நகரத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பர்மிய மொழியில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: சூச்சோ. அத்துமீறி வந்தவர். தக்கேட்டாவில் இருக்கும் என் உறவுக்காரர்கள் அதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். 1958-க்குப் பிறகு நே வின்னின் காபந்து அரசு நகரத்துக் குடிசைகளைப் பிரித்து, ஆட்களை லாரியில் கொண்டுபோய் இறக்கிய ஊர்தான் தக்கேட்டா. என் பாட்டியும் அந்த லாரியில் வந்தவர்.

வேலை செய்யச் செய்ய, வீட்டைவிடப் பெரிய பிரச்சினை குடும்பப் பட்டியல் என்று புரிந்தது. எந்த வீட்டில் யார் யார் என்று காட்டும் அரசுப் பதிவு அது. பேரை ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு மாற்றப் பேட்டை நிர்வாகியின் கடிதம் வேண்டும். வீட்டுக்காரரோ வாடகைக்காரர் பேரைத் தன் பட்டியலில் ஏற்றவே மாட்டார், நாளைக்கு உரிமை கேட்டால்? ஒரு பாட்டியின் பேர் பதினோரு வருடமாகத் தக்கேட்டாவில் மருமகன் பட்டியலில் கிடந்தது. அவர் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை. நம் தமிழ் ஆட்களுக்கு இதோடு அடையாள அட்டையின் நிறம் வேறு. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு முழுக் குடிமக்களுக்கு ரோஸ் அட்டை, மற்றவர்களுக்கு நீலமோ பச்சையோ. பட்டியலும் அட்டையும் சரியாக இருப்பவரைப் பார்ப்பதே அபூர்வம்.

2014 டிசம்பர் 27-ல் நகராட்சிக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. ஆனால் விதி, குடும்பத்துக்கு ஒரே ஓட்டு. மூன்றாவது வீட்டுக்கும் ஒரு ஓட்டு இருந்தது. அது அங்கே குடியிருக்காத வீட்டுக்காரருடையது! 2019 மார்ச் 31-ல் பதினெட்டு வயதான எல்லோரும் போடலாம் என்று மாற்றினார்கள். மேயர் மட்டும் அப்போதும் நியமனம்தான். ஓட்டுப் போட வந்தவர்கள் மிகக் குறைவு, ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அக்காவிடம் கேட்டேன். "அக்கறை இருக்கு தம்பி. லிஸ்ட்ல பேர் எங்க இருக்கு?"

பேட்டைக் கூட்டம் வேலை நாளில், மத்தியானத்தில் நடக்கும். கல்வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். ஒருநாள் அக்கா கூலியை விட்டுவிட்டு வந்து, சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றி எழுந்து பேசினார். மேசையில் இருந்தவர் தலை நிமிராமல், "வீட்டு நம்பர்?" என்றார். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் ராத்திரி யார் தங்குகிறார்கள் என்று பதிவுசெய்யும் விதி மட்டும் இந்த ஊரில் பழையது. 2016-ல் அதை நீக்கினார்கள், 2021 பிப்ரவரியில் திரும்ப வந்தது. அந்தக் கணக்கில் மட்டும் எல்லோரும் உண்டு.

கடன் படிவங்களில் முதல் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். தணிக்கைக்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார். தலைவர் பெயர் இல்லாமல் கடன் இல்லையாம். படிவக் கட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். மறுநாள் காலையில் எல்லாம் நிரம்பி வந்தது. மூன்றாவது வீட்டுக்கு மட்டும் நாலு படிவம், நாலு பெண்கள் பேர். இரண்டு பேருக்கு எழுதத் தெரியாது. கட்டை விரலில் மையைவிட அடுப்புக்கரிதான் அதிகம் இருந்திருக்க வேண்டும், ரேகை சரியாக விழவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.