அப்பாவின் குரலும் ஒரு கோடெக்கும்

அப்பா 2006-இல் பேசிய ஒலிப்பதிவு ஒன்று மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ என்ற ஒலிக்கோப்பு வடிவில் பழைய குறுந்தட்டில் இருந்தது. நேற்றிரவு அதை என் லினக்ஸ் கணினியில் திறந்தபோது, தேவையான கோடெக் (சுருக்கி வைத்த ஒலியைப் படித்து இயக்கும் நிரல்) இல்லை என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. கோப்பில் குறை எதுவும் இல்லை. காப்புரிமை, உரிமச் சிக்கல்களால் இத்தகைய கோடெக்குகளைப் பல லினக்ஸ் வழங்கல்கள் (லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு தொகுப்புகள்) தம்முடன் சேர்த்துத் தருவதில்லை, நாமாகத்தான் நிறுவிக்கொள்ள வேண்டும். எம்பி3-க்கும் நெடுங்காலம் இதே நிலைதான்; அதன் உரிமத் திட்டத்தை எம்பி3-ஐ உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்ட பிறகே, எம்பி3 கோப்புகளை உருவாக்கும் வசதியையும் ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல் சேர்த்துக்கொண்டது.

விஎல்சி என்ற ஒலி, காணொளி இயக்கியை நிறுவியதும் பதிவு ஒலித்தது. 2000-இல் ஃபேப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில், மூல நிரல் வெளியிடப்படாத இந்த வடிவத்தை வெளியிலிருந்தே பகுத்தாராய்ந்து, அதைப் படிக்கும் நிரலை எழுதி, எவரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள். விஎல்சி அதைத்தான் பயன்படுத்துகிறது. அந்த உழைப்புக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். முதலில் மின்விசிறியின் இரைச்சல் கேட்டது, பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “மோட்டாரை நிறுத்திட்டியாம்மா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மேற்கொண்டு தரம் குறையாதபடி ஃப்ளாக் வடிவில் ஒரு படியும் எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன்.