சோறு தொட்டுக்கொள்ள

பில்லில் கடைசிக்கு முந்திய வரியில் சோறு தனியாக இருந்தது. 4 யூரோ. பிரெஞ்சில் அதற்கு மூன்றே எழுத்து, உச்சரித்தால் வெறும் 'ரி'. அந்த 'ரி'யைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். அளவுச் சாப்பாடு என்று போர்டு மாட்டிய ஹோட்டல்களில் கூடுதல் சாதத்துக்குக் காசு வாங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தாத்தா அந்த மாதிரி ஹோட்டல் வாசலைக்கூட மிதிக்க விட்டதில்லை. "சோத்துக்குக் கணக்குப் பாக்குறவன் எதுக்குடா கடை வைக்கிறான்" என்பார். அவருடைய பேரன் பாரிஸில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சோற்றுக்கு 4 யூரோவை நம்மூர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்து ஐந்து மாதம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கடையைக் குறை சொல்லவில்லை. 11ஆம் வட்டாரத்தில் ஒரு தெருமுனைக் கடை அது. பதினான்கு மேசை. சுவரோரம் உட்கார வேண்டுமானால் சர்வர் மேசையை வெளியே இழுத்து, நம்மை உள்ளே விட்டு, திரும்பவும் தள்ளி மூடுவார். அதற்குப் பிறகு சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்க வழியில்லை. கரும்பலகையில் அன்றைய சாப்பாடு சாக்பீஸில் எழுதியிருக்கும். முதலில் ஒரு சின்ன அயிட்டம், அப்புறம் பெரிய தட்டு, இரண்டும் சேர்த்து 17 யூரோ 50. குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் இலவசம், சர்வருக்குக் கொடுக்க வேண்டியதும் விலைக்குள்ளேயே அடக்கம். ஆபீஸில் தரும் சாப்பாட்டு அட்டையில் ஒரு நாளைக்கு 25 யூரோ வரை தேய்க்கலாம், அதில் பாதி கம்பெனி காசு. இந்த ஊரில் நான் கவலையில்லாமல் உள்ளே நுழைந்த முதல் இடம் இதுதான்.

நுழைந்த விதம்தான் சரியில்லை. முதல் நாள் நேராகப் போய்ப் பலகையைக் காட்டினேன். சர்வர் பலகையைப் பார்க்கவே இல்லை. "பொன்ஜூர், மிஸ்யூ" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நான் பதில் பொன்ஜூர் சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்க ஆரம்பித்தது. இன்னொரு நாள் மதியம் இரண்டேகாலுக்குப் போனேன். கடை திறந்திருந்தது, உள்ளே ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், அடுப்பை மட்டும் அணைத்துவிட்டார்களாம். இனி இரவு ஏழுக்குத்தான். அதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது சோறுதான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. இங்கே நேர் எதிர். வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும் கத்தோலிக்க வழக்கம் பெரும்பாலும் போய்விட்டாலும், அன்றைக்கு மீன் என்பது மட்டும் பள்ளிக்கூடக் கேன்டீனிலும் தெருமுனைக் கடையிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார்த்திகை வெள்ளி என்று அம்மா விளக்கேற்றும் நேரத்துக்கு நான் காட் மீனை முள்கரண்டியால் பிரித்துக்கொண்டிருப்பேன். வெண்ணெயும் வெங்காயமும் வெள்ளை ஒயினும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய ஒரு சாறு அதன்மேல் வழியும். கண்ணால் பார்த்தால் மோர்க்குழம்பு, வாயில் வைத்தால் அது வேறு ஊர். இருந்தாலும் அந்தச் சாற்றைப் பார்த்த எவனுக்கும் சோற்று நினைப்பு வரும்.

சர்வர் கேட்டார்: "கூட என்ன வேண்டும்? உருளைக்கிழங்கா, பீன்ஸா, சோறா?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சோறு இங்கே பீன்ஸ் பொரியலோடும் உருளைக்கிழங்கோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. மூன்றில் ஒன்று. நமக்குச் சாப்பாடு என்றாலே சோறு, மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. இவர்களுக்குச் சோறுதான் தொட்டுக்கொள்ள. என்னவோ பெண்ணைத் தோழிகளோடு நிற்க வைத்து, யாரைக் கட்டிக்கொள்கிறாய் என்று கேட்டதுபோல இருந்தது.

சோறு என்றேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் அமுக்கி, தட்டின் ஓரத்தில் கவிழ்த்து, குன்று மாதிரி வந்தது. உச்சியில் ஒரு பார்ஸ்லி இலை. நான்கு வாயில் குன்று தரைமட்டம். மீனும் மீதி, சாறும் மீதி. எங்கள் ஊர் மெஸ்ஸாக இருந்தால் இதற்குள் அன்னக்கூடையோடு ஒருவர் என் தலைக்கு மேல் நின்றிருப்பார். அவரைப் பார்க்கக்கூட வேண்டாம், இலையில் கொஞ்சம் வெற்றிடம் தெரிந்தால் போதும். போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால் விரலிடுக்கு வழியாகப் போடுவார். இங்கே யாரும் வரவில்லை. நானே கூப்பிட்டு, மனப்பாடம் செய்த பிரெஞ்சில், இன்னும் கொஞ்சம் சோறு என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். "ரொட்டியா?" என்றார். கூடை நிறைய ரொட்டி வந்தது.

அடுத்த வெள்ளி இன்னும் தெளிவாகக் கேட்டேன். சோறும் வந்தது, கூடவே அந்த 4 யூரோ வரியும்.

ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் புலம்பினேன். அவர் தெற்குப் பக்கத்துக்காரர். ரோன் ஆறு கடலில் சேரும் கமார்க் வடிநிலத்தில் நெல் விளைகிறது, நாங்களும் அரிசிக்காரர்கள்தான் என்றார். எனக்குக் காவிரி வடிநிலம் ஞாபகம் வந்து சண்டையை மறந்துவிட்டேன். குறுவையா சம்பாவா என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடிக்கிறீர்களே, அந்தக் கஞ்சியை என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். தொட்டியில்தான் ஊற்றுவோம், வேறு என்ன செய்வது என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

அவர்தான் வந்த புதிதில் என்னைப் பூயோன் ஷார்த்தியேவுக்குக் கூட்டிப்போனவர். பூயோன் என்றால் இறைச்சி வெந்த சாறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் துய்வால் என்ற கசாப்புக்காரர், மத்தியச் சந்தையில் உழைக்கிறவர்களுக்கு அந்தச் சாற்றையும் வெந்த இறைச்சியையும் மலிவாகக் கொடுக்க ஆரம்பிக்க, அந்த மாதிரிக் கடைகளுக்கே அது பெயராகிவிட்டது. ஷார்த்தியே 1896இல் திறந்தது. ரயில் பெட்டி மாதிரித் தலைக்கு மேல் பித்தளைக் கம்பிப் பரண், பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் துணி நாப்கினைப் போட்டு வைத்துக்கொள்ள நம்பர் போட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள். இடமில்லை என்றால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்த்திவிடுகிறார்கள். வெட்டிய அவித்த முட்டைமேல் மயோனேஸை வழித்துக் கொடுப்பதுதான் அங்கே முதல் அயிட்டம். கறுப்பு வெய்ஸ்ட்கோட்டும் நீள வெள்ளை ஏப்ரனும் கட்டிய சர்வர், மேசையில் விரித்த காகிதத்திலேயே பேனாவால் கிறுக்கிக் கூட்டி பில் போட்டார். "ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி" என்று கல்லாவைப் பார்த்துக் கத்தும் எங்கள் ஊர் மணியக்காரர் கிளப் ஆள் ஞாபகத்துக்கு வந்தார். இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்குத் தட்டில் சோறு வரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நியாயமாகச் சொன்னால் ரொட்டிக்கு இங்கே கணக்கில்லை. தனித் தட்டுக்கூட இல்லாமல் மேசை மேலேயே துண்டு துண்டாகக் கிடக்கும். கூடை காலியானால் கேட்காமலே நிரம்பும். சாற்றை ரொட்டியால் வழித்துத் தட்டைப் பளிச்சென்று ஆக்குவதற்கு இவர்களிடம் தனி வினைச்சொல்லே இருக்கிறது. 2022இல் பாகெட் ரொட்டி செய்யும் கலையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது எங்கள் தெரு பேக்கரிக்காரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, அன்னக்கூடை இங்கே ரொட்டிக்கூடையாகிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வயிறு தேறவில்லை. ஒரு நாள் இனிப்புக்கு 'ரி ஓ லே' என்று எழுதியிருந்தது. பால் சோறு. ஆசையாகச் சொன்னேன். வந்தது பாருங்கள், இரண்டு பேர் சாப்பிடும் கிண்ணம், தளும்பத் தளும்ப! குளிர்ந்து, கெட்டியாகி, வனிலா வாசத்தோடு. பாயசத்தை மறுநாள் காலை குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல. கேட்டபோது தராத சோற்றையெல்லாம் சர்க்கரை போட்டு ஒரேயடியாகக் கொட்டிவிட்டார்கள். அம்மாவிடம் போனில் சொன்னபோது சிரித்துவிட்டு, "நெய் விட்டானா?" என்றாள்.

அப்புறம் ஒரு வெள்ளி. பாரிஸின் பழைய கடைகளில் கழிப்பறை பெரும்பாலும் நிலவறையில்தான். குறுகலான சுழல் படியில் இறங்கினால் பக்கத்தில் அடுக்களையின் பின்கதவு. தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"சோறு காணாதெண்டு கேட்கிற தம்பி நீங்கள்தானோ?"

எனக்குப் பேச்சே வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"வெள்ளைக்காரன் ரெண்டாந்தரம் சோறு கேட்க மாட்டான். கேட்டால் அது எங்கட ஆளாய்த்தான் இருக்கும் எண்டு அண்டைக்கே சொன்னனான்."

சாவகச்சேரிக்காரர். எண்பத்தொன்பதில் வந்தவர். கோப்பை கழுவுகிற வேலையில் தொடங்கி, சாலட் வெட்டி, இப்போது அடுப்பில் நிற்கிறார். கரும்பலகையில் எழுதுகிற அந்தச் சுத்தமான பிரெஞ்சுச் சமையல் எல்லாம் அவர் கை. வெண்ணெய்ச் சாறும் அவருடையதுதான். பாரிஸில் எத்தனையோ அடுக்களைகள் இப்படித்தான் ஓடுகின்றன என்று ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெருவில் கேட்டிருக்கிறேன், ஆனால் என் காலுக்குக் கீழேயே ஒருவர் இருப்பார் என்று நினைத்ததில்லை. நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அவர் வெங்காயத்தை இறக்கி வைக்காமலே, "இந்தியாவில எவடம்?" என்றார். சொன்னேன். "ஓ, அப்ப சோத்துக்குப் பிறந்த ஊர்" என்றார்.

அடுத்த வெள்ளி என் தட்டில் இரண்டு குன்றுகள் வந்தன. பக்கத்துப் பக்கத்தில், இரண்டிலும் பார்ஸ்லி. சர்வர் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். பில்லில் 'ரி' இல்லை. அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருஷம், எல்லா வெள்ளியும் இரண்டு குன்று. இடையில் ஒருமுறை மூன்று வந்தது. அன்றைக்குத் தைப்பொங்கல் என்பது ஆபீஸுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த நாட்களில் யாராவது கேட்டால், பாரிஸ் எனக்குச் செட்டாகிவிட்டது என்று சொல்லுவேன். நான்தான் தலையைக் காட்டியதும் முதலில் பொன்ஜூர் சொல்கிறவன். மேசையை இழுக்கும்முன் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். மேசைக்கடியில் நாயோடு வரும் கிழவிக்கு என் பெயர் தெரியாது, என்னைச் சோற்று மிஸ்யூ என்பாள்.

ஆகஸ்ட் மாதம் கடை வழக்கம்போல மூடியது. செப்டம்பரில் முதல் வெள்ளி போனேன். அதே காட் மீன், சாறு மட்டும் கொஞ்சம் நீர்த்திருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு குன்று. உச்சியில் பார்ஸ்லிகூட இல்லை. சர்வரைப் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. "அவர் இப்போது வேறு இடம், லா கூர்நெவ் பக்கம், வீட்டுக்கு நடந்து போகிற தூரம்" என்றார். நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்றார்.

கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்கூடை வந்தது. ஒரு துண்டை எடுத்துச் சாற்றை வழிக்க ஆரம்பித்தேன். அப்போது அம்மாவிடமிருந்து போன். "சாப்பிட்டாச்சா? வெள்ளிக்கிழமை, கவிச்சி ஒண்ணும் இல்லையே?"

"சோறுதாம்மா" என்றேன்.

"ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டியா?"

வாய் நிறைய ரொட்டி இருந்ததால் "ம்" என்று மட்டும் சொன்னேன்.