மின்சூளைக்கு முன்னால் எர்த் கம்பியைப் பாருங்கள்

வீட்டின் பின்கட்டில் இருந்த சாமான் அறையை மண்பாண்டப் பட்டறையாக்கி, அதில் 6 கிலோவாட் மின்சூளை ஒன்றை வைத்து, மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு சென்ற வாரம்தான் பயமின்றிச் சுட்டேன். சிமென்ட் தரையில் இரும்பு ஸ்டாண்ட் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சூளையை நிறுத்தும் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது.

"ஏசிக்குப் போடுற பிளக்கே போதும், மேடம்" என்று விற்றவர் சொன்னதை நம்பியதுதான் நான் செய்த தவறு. 6 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். அதுவும் ஏசியைப் போல விட்டுவிட்டு அல்ல, மணிக்கணக்கில். சோதனைக்காகச் சூடேற்றிய அன்று, மீட்டர் 400 டிகிரியைத் தாண்டியபோது கருகல் வாடை வந்தது. 16 ஆம்பியர் பிளக்கின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனை சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அந்த லைனுக்கு 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டிருந்ததால், 26 ஆம்பியருக்கு அது விழவே இல்லை.

வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்தபோதுதான் இன்னும் பெரிய ஆபத்து தெரிந்தது. அந்த அறைக்கு வந்த எர்த் கம்பி வாசலில் உள்ள எர்த் குழிக்குப் பக்கத்தில் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. சூளையின் வெளிக்கூடு இரும்பு. உள்ளே எலிமென்ட் (சூடேற்றும் கம்பிச்சுருள்) அறுந்து கூட்டைத் தொட்டிருந்தால், மூடியில் கை வைப்பவருக்கு உயிர் போயிருக்கும். புதிய குழி வெட்டி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டினோம். புதுச் சூளையின் செங்கல்லில் ஈரம் இருக்கும். அதனால் ஆர்சிசிபி விழுந்தால், தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் மிகக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் உலர்த்துங்கள். அதன் பிறகும் விழுந்தால் கசிவு எங்கே என்று தேடுங்கள்.

சூளையின் சுமையை மூன்றாகப் பிரிக்க மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்புக்கு விண்ணப்பித்ததில் ஒரு நாள் வீணானது. இணைப்பு மறைந்த மாமனார் பெயரில் இருந்தது. காகிதங்களையெல்லாம் வாங்கிப் புரட்டிய எழுத்தர், பெயர் மாற்றம் முதலில் வேண்டும் என்பதை இரண்டாம் முறை போனபோதுதான் சொன்னார். வாரிசுச் சான்றிதழையும் சொத்துவரி ரசீதையும் முதல் நாளே கையோடு கொண்டுபோங்கள். இணைப்பு கிடைத்ததும், எலிமென்ட்கள் மூன்று சுற்றாக இருந்ததால் முனைக்கு ஒன்றாகப் பிரித்தோம். இப்போது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 9 ஆம்பியர்தான் ஓடுகிறது.

காற்றோட்டத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். முதல் சூட்டில் மண்ணிலுள்ள கரிமப் பொருள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாடையே கிடையாது. எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி வைக்கிறேன்.

சென்ற வாரம் 1000 டிகிரி வரை ஏற்றினேன். மறுநாள் மீட்டர் 80-க்கு இறங்கிய பிறகே மூடியைத் திறந்தேன். 22 கிண்ணங்களில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. பிளக் இருந்த இடத்தில் இப்போது ஐசோலேட்டர் (மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. சூளை உச்சத்தில் எரிந்துகொண்டிருந்தபோது ஐசோலேட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புகூட இல்லை.